ஐந்து சிவப்பு நூல் கட்டிய ஊத்துக்குளிச் சாலை

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிக்குப் பாசஞ்சர் ரயிலில் இருபத்தைந்து நிமிடம். முதன்முதலாக அந்த வழியே போனபோது எனக்கு ஏழே கால் மணி நேரம் ஆனது. நானும் அப்பாவும் நடந்து போனோம். அறுபத்தெட்டாம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஆறு வருடம் கழித்துப் போன மாதம் மறுபடியும் அதே வழியில் இருவரும் நடந்துவிட்டு வந்தோம். பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் தோழிகள் இரண்டு பேர், “நாங்களும் விடுமுறையில் நடக்கப் போகிறோம், வழியைச் சொல்” என்றார்கள். எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது எளிது. வேறு யாருக்காவது பயன்பட்டாலும் பயன்படட்டும்.

அந்த முதல் நடை காற்று வாங்கப் போனதல்ல. அப்போதுதான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஊத்துக்குளியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார், நான்கு மாதம் வந்து பாடம் எடுக்க முடியுமா என்று கடிதம் வந்திருந்தது. பத்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். கடிதத்தை எடுத்துப் படித்து மடித்து, மறுபடி எடுத்துப் படித்து மடித்து, மடிப்பிலேயே அது கிழிந்துவிட்டது. போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். பின்னி வருகிற துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். எங்கே ஓட்டை இருக்கிறதோ, எங்கே இழை விட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். ஒரு பீஸில் நான்கு நூல் வரை முதல் தரம். ஐந்தாவது விழுந்தால் செகண்ட்ஸ். பக்கத்து மேசையில் ஊசியோடு இருக்கும் பெண்கள் அந்த ஓட்டைகளைத் தைத்து மூடுவார்கள். தைத்து முடித்தவர்தான் நூலை அவிழ்க்க வேண்டும். கட்டியவர் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் பழுதை மறைத்ததாகிவிடும். கம்பெனியில் இது கண்டிப்பான விதி.

கடிதத்தைப் படித்த அப்பா இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் அம்மாவிடம், “ஒரு நாளைக்கு ரயிலு வரலைன்னா? நடுவுல நின்னுபோச்சுன்னா? நடந்துதான வரோணும்? வழி எப்பிடின்னு தெரியாம எப்பிடி உடறது?” என்றார்.

“ரயிலு நின்னுபோச்சுன்னா அதுல இருக்கற நூறு பேரும்தான் நடப்பாங்க. இவளுக்குன்னு தனி ரயிலா உடறாங்க?” என்றாள் அம்மா.

“அதெல்லாம் முடியாது. ஞாயித்துக்கெழம நடந்து போயிப் பாத்துட்டு வந்துருவோம்.”

“ரயில்ல போயிப் பாத்தா ஆவாதா?”

“துணியைச் சுருட்டி வெச்சுக்கிட்டு செக்கிங் பண்ண முடியுமா? விரிச்சுத்தான் பாக்கோணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நாலு நூலுக்குள்ள இருந்தா நீ போ கண்ணு. அஞ்சாச்சுன்னா அதுக்கு மேல பேசக் கூடாது.”

காலை ஆறு மணிக்கு வாலிபாளையத்தில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஒரு தூக்குப்போசியில் புளிச்சோறு, ஒரு பாட்டிலில் தண்ணீர், சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரம். அப்பாவின் சட்டைப் பையில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு அட்டை. தைப் பனியில் ரயில் நிலையத்துப் பக்கம் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. ஓடைக்கரையில் சலவைப் பட்டறைக்காரர்கள் அந்நேரத்துக்கே வெளுத்த பனியன் துணியை விரிக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்கும் அந்த வெள்ளையையும் சலவைக் காரத்தின் வாடையையும் நினைத்தால் எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் முழுதும் திரும்பி வந்துவிடும். அந்தத் துணிகளுக்கு நடுவே ஓடித்தான் நாங்கள் பள்ளிக்குப் போவோம்.

ஆறு இருபத்தைந்துக்கு ஊத்துக்குளிச் சாலை ரயில்வே கேட்டை அடைந்தோம். அங்கேதான் அப்பாவின் செக்கிங் முறை என்னவென்று எனக்குத் தெரிந்தது. சாலை நடுவில் நின்றார், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டார், “ஏனுங்கோ!” என்று ஒரு கத்துக் கத்தினார். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். இருபதுக்குள் யாராவது பதில் குரல் கொடுத்தால் அந்த இடம் நல்ல இடம். இல்லாவிட்டால் நூல்.

ஏழு எண்ணுவதற்குள் கேட்காரர் குடிசையிலிருந்து துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். “என்னங்கோ? என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா கூப்புட்டுப் பாத்தனுங்க.”

“வெடியால எந்திரிச்சு ரயில்வே கேட்டுல வந்து சும்மா கூப்புடறீங்களா? ஊட்டுல கூப்புட ஆளில்லீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டி வேகமாக நடந்தேன். பின்னாலேயே வந்த அப்பா, “இது பழுதில்ல” என்றார் திருப்தியாக.

கேட்டைத் தாண்டினால் அன்றைக்கு ஊர் முடிந்துவிடும். சுடுகாட்டுப் பக்கம் அப்பா மறுபடி கூப்பிட்டார். காக்கை மட்டும் பதில் சொன்னது. ஒரு உடைமரக் கிளையில் முதல் நூல் ஏறியது. அதற்குப் பிறகு இரண்டு மைல் கண்ணுக்கு நல்ல வழி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு, வெள்வேல மரத்தடியில் மாடுகள். அறுத்த சோளத்தட்டைக் கூம்பு கூம்பாக நிறுத்தியிருந்தார்கள். பருத்திக் காட்டில் கடைசி எடுப்புக்கான காய்கள் வெடித்திருந்தன. கிணற்றில் மோட்டார் ஓடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அப்பா கூப்பிட்ட இடமெல்லாம் யாராவது ஒருவர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். ஒருவர், “மாடு தொலஞ்சுதுங்களா?” என்று கேட்டார். இன்னொருவர் எங்களோடு சேர்ந்து தேடவே கிளம்பிவிட்டார்.

எட்டேகாலுக்குச் சாலையை விட்டு இடது பக்கம் பிரியும் வண்டித்தடத்தில் திரும்பினோம். அது நஞ்சராயன் குளத்துக்குப் போகிறது. இந்த நடையில் நீங்கள் தவற விடக் கூடாத இடம் இது. கரை மேல் ஏறியதும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். ஓரமெல்லாம் சம்பங்கோரை ஆள் உயரத்துக்கு. நீர்க்கோழிகள் கோரைக்குள் நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தன. சின்ன வாத்துகள் திடீரென்று முழுகி வேறெங்கோ எழுந்தன. இவ்வளவு தண்ணீரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்று வரை கடலைப் பார்க்காதவள் நான். என்றைக்காவது பார்த்தால் இந்தக் குளத்தைத்தான் நினைத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

கரையில் நின்று அப்பா கூப்பிட்டார். இருபது எண்ணினார். பதில் இல்லை. கரை மேலிருந்த கருவேல மரத்தில் இரண்டாவது நூல்.

முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் முகம் மாறியது. “இது என்ன அக்கிரமம்?” என்றார். தூரத்தில், தண்ணீர் வற்றிய மேட்டில், வரிசை வரிசையாக வெள்ளை தெரிந்தது. “எவனோ சேத்துல கொண்டுவந்து துணியைக் காயப் போட்டிருக்கறான். ஐம்பது பீஸாவது இருக்கும். அத்தனையும் கறை புடிச்சுப் போயிருமே!” நானும் பார்த்தேன். எனக்கும் அது துணியாகத்தான் தெரிந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு வெள்ளையாக எது விரிந்து கிடந்தாலும் அது பனியன் துணிதான்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பா கரையிலிருந்து இறங்கினார். பத்து அடி நன்றாகப் போனார். பதினோராவது அடியில் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். அந்தச் சத்தத்துக்கு ஐம்பது பீஸ் துணியும் ஒன்றாக எழுந்து பறந்தது. அத்தனையும் கொக்கு.

ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இறங்குகிறது. இந்தத் தடவை அப்பா நிஜமாகவே கூப்பிட்டார்.

கோரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “வாரனுங்க! அசையாம நில்லுங்க!” நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் எருமை ஓட்டும் நீளக் கோலோடு வந்தார். கோலை நீட்டி, “வயித்தால சாஞ்சு வாங்கண்ணா, நிமுந்து நின்னா இன்னும் எறங்கும்” என்றார். அப்பா வெளியே வந்தபோது இடுப்புக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை.

“கொக்குப் புடிக்க எறங்குனீங்களா?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“துணின்னு நெனச்சனுங்க.”

அவர் சிரித்த சிரிப்பில், திரும்பி வந்து உட்கார்ந்திருந்த நான்கு கொக்கும் பறந்துவிட்டன.

அவர் பெயர் மாராத்தாள். குளத்துக்குப் பக்கத்தில் ஐந்து எருமை வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வெண்ணெய் எடுத்துக்கொண்டு ஊத்துக்குளிக் கடைக்கு நடந்து போவார். அன்றைக்கும் போகிற நாள்தான். அப்பா கால் கழுவி முடிப்பதற்குள் எருமைகளைக் கட்டிவிட்டு, தண்ணீர் நிரம்பிய பித்தளைக் குண்டாவில் வெண்ணெய் உருண்டைகளை மிதக்க விட்டு, ஈரத் துணியால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். “வெயிலேறுனா வெண்ணெய் உருகிரும். வாங்க, சேந்தே போலாம்” என்றார். மரத்திலிருந்த நூலைப் பார்த்துவிட்டு, “என்னங்கண்ணா, வேண்டுதலா?” என்று கேட்டார்.

அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“நான்தான் வந்தனல்லங்க? அப்பறம் எதுக்கு நூலு?”

“இருவதுக்குள்ள வரலீங்களே.”

“எருமையை உட்டுப்போட்டுப் பறந்தா வருவாங்க? இவருக்குச் சேத்துல நின்னாலும் கணக்குத்தான் போலிருக்குது” என்று என்னிடம் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். “நீ எப்பிடி அம்மிணி இவருகூட இருந்துக்கிட்டுப் படிச்சே?”

குளத்திலிருந்து ஒரு மைல் தெற்கே வந்தால் சர்க்கார் பெரியபாளையம். அங்கே சுக்ரீஸ்வரர் கோயில். இதற்குக் குரக்குத்தளி என்று பழைய பெயரும் உண்டு. எப்போது கட்டியது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் கல்லைத் தொட்டாலே வயது தெரியும். ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனோம். சிவன் முன்னால் இரண்டு நந்தி ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. முன்னாலிருக்கும் நந்திக்குக் கொம்பும் காதும் இல்லை. குண்டாவை இறக்க முடியாமல் வாசலிலேயே நின்ற மாராத்தாக்கா வெளியிலிருந்தே கதையைச் சொன்னார். நந்தி தினமும் போய் ஒரு குடியானவன் காட்டில் மேய்ந்ததாம். அவன் மாடென்று நினைத்துக் காதையும் கொம்பையும் அறுத்துவிட்டான். காலையில் கோயிலில் வந்து பார்த்தால் கல் நந்திக்குக் காது இல்லை. பயந்துபோய்ப் புது நந்தி செய்து முன்னால் வைத்து, பழையதைப் பின்னால் தள்ளினான். மறுநாள் பார்த்தால் பழையது முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. “அது நவுருவனான்னு உக்காந்திருச்சுங்க. இன்னைக்கும் அதுதான் முன்னால” என்றார். அப்பா அந்த நந்தியைத் துணியைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து ஊத்துக்குளி ரயில் நிலையம் ஐந்து மைல். மாராத்தாக்கா வேகத்துக்கு நானும் அப்பாவும் ஓட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு செங்கல் சூளையில் அப்பா கூப்பிட்டதற்கு நாய்கள்தான் பதில் சொன்னன, ஐந்தாறு. மூன்றாவது நூல். பனைமரங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு அரை மைலில் நான்காவது. புளிச்சோற்றை நடந்துகொண்டே சாப்பிட்டோம். நான்கு ஆகிவிட்டது. வழி இன்னும் முடியவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு ரயில் நிலையம். ரயில் நிலையம் வேறு, ஊத்துக்குளி ஊர் வேறு என்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டும். நடுவில் இரண்டு மைல் இருக்கிறது. மற்ற இடங்களில் ரயில் நின்றுபோனால்தான் நடக்க வேண்டும். இந்த இரண்டு மைல் எனக்குத் தினமும் போக வர. அப்பாவும் அதை நினைத்திருக்க வேண்டும். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முக்கால் மைலில் சாலை வளைகிறது. வளைவைத் தாண்டியதும் ஒரு காய்ந்த ஓடை, அதன் மேல் சின்னப் பாலம், பாலத்தின் ஓரம் ஒரு வேப்பமரம். வீடு இல்லை, கிணறு இல்லை, வேலிகூட இல்லை. நண்பகலிலேயே அந்த இடம் காதை அடைத்த மாதிரி இருந்தது. மாராத்தாக்கா, “வெண்ணெய் உருகுது, வெரசா வாங்க” என்று நிற்காமல் பாலத்தைக் கடந்தார். அப்பா நின்றுவிட்டார்.

கையைக் குவிக்கப் போனவர், பாதியில் இறக்கிக்கொண்டார். “நான் கூப்புட்டு ஆவறதென்ன? நீதான தெனமும் நடக்கப் போறே. நீ கூப்புடு கண்ணு.”

எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். கல்லூரி வகுப்பில் பெயர் கூப்பிட்டால், என் குரல் எட்டாது என்பதால் எழுந்து நின்று காட்டியவள் நான். வாயைத் திறந்தேன். “ஏனுங்கோ” என்பது ஏதோ ரகசியம் போல வெளியே வந்தது. அப்பா எண்ணினார். இருபதை ரொம்ப மெதுவாகத்தான் எண்ணினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் ஐந்தாவது நூலைக் கட்டினார். முடிச்சு போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

“செகண்ட்ஸ் ஆயிப்போச்சு கண்ணு” என்றார்.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கூப்பிடச் சொன்னபோது வராத குரல் இப்போது வந்தது. “செகண்ட்ஸைத் தூக்கியா போடறீங்கப்பா?” என்றேன். “நம்ம ஊட்டுல எல்லாரும் செகண்ட்ஸ்தான் போட்டிருக்கறோம். இப்ப நீங்க போட்டிருக்கற பனியனே செகண்ட்ஸ்தானுங்க. முதுகுல ரெண்டு ஓட்டை இருக்குது. அதைப் போட்டுக்கிட்டுத்தான இத்தன தூரம் வந்தீங்க?”

முன்னால் போய்விட்டிருந்த மாராத்தாக்கா, தலையில் குண்டாவோடு அப்படியே நின்று திரும்பினார். “ஏனுங்கண்ணா, புள்ளைக்குக் கொரலே இல்லைன்னு நெனச்சனுங்களே!” என்றார்.

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக்கு மேலேயே முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு ஊத்துக்குளி. மாராத்தாக்கா வெண்ணெயைக் கடையில் போட்டுவிட்டு எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். கைத்தமலை முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு, மாலை ஐந்து முப்பத்தைந்து பாசஞ்சருக்கு ரயில் நிலையம் திரும்பினோம். வழியெல்லாம் அப்பா நான்கடி முன்னாலேயே நடந்தார். என் குரல் தீர்ந்துபோயிருந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் அப்பா நாற்பது பைசா டிக்கெட் இரண்டு வாங்கினார். மீதிச் சில்லறையை எடுக்காமல் அங்கேயே நின்றார். பிறகு குனிந்து உள்ளே பார்த்து, “ஏனுங்க, திருப்பூருக்கு மாச சீசன் டிக்கெட் என்ன வெலைங்க?” என்று கேட்டார்.

நான்கு மாத வேலை பிறகு நிரந்தர வேலையாயிற்று. நடுவில் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் படித்தேன். முதல் வாரம் முழுதும் அப்பா கூடவே வந்து பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் தனியாக நடந்தேன். ஓடைப் பாலம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஒரு நாள் காலையில் வேப்பமரத்தில் அப்பாவின் சிவப்பு நூலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நூல் இருந்தது. அடுத்த வாரம் நான்கைந்து. மாசி முடிவதற்குள் மரத்தடியில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள் பூச்சு. பங்குனியில் விளக்கு. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கினார். ஒருவர் வெயிலுக்கு ஓலைப் பந்தல் போட்டார். வரவர நான் ஓடுவதை நிறுத்தினேன். கூட வந்த ஒரு பெண் ஒரு நாள் என்னிடமே சொன்னார்: “சக்தியான சாமிங்க டீச்சர். யாரோ ஒருத்தரு புள்ளைக்கு வேலைக்குன்னு நூல் கட்டுனாராம். அடுத்த வாரமே வேலை கெடைச்சுதாம்.” அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நான் தலையை ஆட்டினேன். எதிரே வெண்ணெய்க் குண்டாவோடு வரும் மாராத்தாக்கா, “என்ன அம்மிணி, கணக்கெல்லாம் செரியா வருதா?” என்பதோடு போய்விடுவார். நானும் மரத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆறு வருடம் இதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்குப் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. வேலையிலிருந்து நின்றுவிட்ட அப்பா கையிலிருந்த கரும்பைக் கீழே வைத்தார். “பழுதுன்னு கட்டுன நூலு கண்ணு அது! அதையா கும்புடறாங்க? இத்தன வருசமா ஏமாத்திட்டிருக்கறமா நாம? வா, போயி அவுத்துப் போட்டுட்டு, சொல்லிட்டு வந்தர்லாம்.” அந்த நூல் போனால் விளக்கும் போகும், பூக்காரம்மாவும் போவார், நான் மறுபடி ஓட வேண்டியிருக்கும். ரயிலில் போகலாம் என்றேன். “கட்டுனப்ப நடந்துதான போனோம்” என்றார்.

பள்ளி விடுமுறை விட்டிருந்த ஒரு தை வெள்ளியன்று நடந்தோம். சுடுகாட்டுப் பக்கத்து உடைமரம் இல்லை, விசைத்தறிக் கொட்டகை வந்திருந்தது. அப்பா கூப்பிட்டதற்குத் தறிச் சத்தத்தையும் மீறி மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். குளத்தங்கரை நூல் வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. கூப்பிட்டார், பதில் இல்லை. “இது இன்னும் பழுதுதான்” என்றார். செங்கல் சூளையும் பனங்காடும் இருந்த இடத்தில் வீடுகள் இருந்தன. ஓடைக்கு முந்தைய வளைவில், மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நின்று, “நீ கூப்புடு கண்ணு” என்றார்.

ஆறு வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தால் குரல் வந்துவிடும். “ஏனுங்கோ!” என்று கூப்பிட்டேன்.

அப்பா “ஒண்ணு” என்றார். “ரெண்டு” என்று சொல்ல முடியவில்லை.

“என்னங்கோ!” ஒரு குரல் அல்ல, நாலைந்து. பின்னாலேயே இன்னொன்று: “யாரது, சாமிகிட்ட வந்து இந்தக் கத்து கத்தறது?”

வளைவைத் தாண்டினோம். மரத்தடியில் மூன்று கல்லில் பொங்கல் பானை. ஐந்தாறு பெண்கள். பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு மாராத்தாக்கா. “அட, கொக்கு புடிக்கற அண்ணனா!” என்றார்.

அப்பா யாரிடமும் பேசாமல் நேரே மரத்துக்குப் போனார். நூற்றுக்கணக்கான மஞ்சள், சிவப்பு நூல்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். அவருக்கா தெரியாது? முறுக்கு குறைந்த பனியன் நூல் விரலுக்கே தெரிந்துவிட்டது. சாயம் போய் ரோஸ் நிறமாகியிருந்தது. முடிச்சில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“இது நான் கட்டுனதுங்க. வேண்டுதலுக்குக் கட்டுனதில்ல. ஆளில்லாத எடம், பழுதுன்னு கட்டுனது. தெரியாம நீங்க கும்புட்டுட்டு இருக்கறீங்க. அவுத்தர்றனுங்க.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாராத்தாக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

“எனக்குத் தெரியுமுங்கண்ணா. அன்னைக்கு நான் கூடத்தான நின்னேன்? இதுக்குப் பக்கத்துல மொதல்ல வந்த மஞ்ச நூல் நான் கட்டுனது.”

“தெரிஞ்சுமா?”

“கூப்புட்டா ஆளு வரோணும்னு நீங்கதான சொன்னீங்க? இந்தப் பொட்டக்காட்டுல ஆளுக்கு எங்கீங்க போறது? சாமின்னு ஒண்ணு இருந்தா ஆளு தானா வருமுங்க.” என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அப்பாவைப் பார்த்தார். “அம்மிணிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. வெண்ணெய் உருகுது, வெண்ணெய் உருகுதுன்னு இருவது வருசம் நான் இந்தப் பாலத்துல ஓடித்தான் போனேன். வெண்ணெய்க்காகவா ஓடுனேன்?”

“அப்ப எம்பட மருமகளுக்குப் புள்ள பொறந்தது?” என்று ஒரு அம்மா கேட்டார்.

“அது சாமி குடுத்தது. சாமி எந்த வழியில வந்தா என்ன? வந்திருச்சல்ல?”

அப்பா முடிச்சைப் பிடித்தபடியே நின்றார். பானை பொங்கிச் சொட்டிய சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். “தெச்சவங்கதான் அவுக்கோணும்” என்றார், கம்பெனியில் சொல்கிற அதே குரலில். “நான் அவுக்கக் கூடாது.”

“நான் அவுக்க மாட்டனுங்க” என்றார் மாராத்தாக்கா. “பொங்கல் ஆறிப்போவுது, உக்காருங்க.”

அப்பா உட்கார்ந்தார். இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டவர், சாப்பிடுவதற்கு முன் மரத்தைப் பார்த்து ஒரு தடவை கையைக் கூப்பினார்.

நடக்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மொத்தம் பன்னிரண்டு மைல். தையிலும் மாசியிலும் போங்கள். சித்திரையில் குளத்தில் பறவையும் இருக்காது, வழியில் நிழலும் இருக்காது. காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பெரியபாளையத்தைத் தாண்டினால் ரயில் நிலையம் வரை டீக்கடை இல்லை, சோறும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் நடை பத்தரைக்கு மேல் சாத்திவிடுவார்கள். குளத்தங்கரையில் கருவேல மரத்தில் வெளுத்த நூல் ஒன்று இருக்கும், அதற்குக் கீழே எக்காரணம் கொண்டும் சேற்றில் இறங்காதீர்கள், எவ்வளவு துணி காய்ந்தாலும். மாலைப் பாசஞ்சர் ஐந்து முப்பத்தைந்துக்குத்தான், ஆனால் ஆறு வரை வராவிட்டாலும் பதற வேண்டாம்.

ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மைலில் சாலை வளையும். அந்த இடத்தில் நின்று, என்னைப் போல் கூச்சம் உள்ளவராக இருந்தாலும், ஒரு தடவை “ஏனுங்கோ” என்று கூப்பிட்டுப் பாருங்கள். எண்ண வேண்டியிருக்காது.